சொன்னால் அடி கிடையாது

ஷார்ஜா தொழிற்பேட்டையில் தண்ணீர்த் தொட்டிகளும் கைப்பிடிக் கம்பிகளும் செய்கிற ஒரு யார்டில் பதினோரு வருடமாக சேஃப்டி ஆபீசராக இருக்கிறேன். பதவியின் பெயர் பெரிது, வேலை கத்துவதுதான். ஹெல்மெட் போடு, கண்ணாடி போடு, பெல்ட்டை மாட்டு, கிரேனுக்குக் கீழே நிற்காதே. தமிழில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை, இரண்டும் புரியாதவருக்குக் கையை ஆட்டி ஒரு தடவை. இயல்பிலேயே எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதற்கு ஒரு கம்பெனி சம்பளமும் கொடுக்கிறது என்று என் மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

யார்டில் வருகைப் பதிவு மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பெட்டி வைத்திருக்கிறேன். யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் ஒரு ஜாண் தள்ளியிருந்தால் பட்டிருக்கும் என்கிற மாதிரி எது நடந்தாலும் அதைச் சீட்டில் எழுதி அந்தப் பெட்டியில் போட வேண்டும். எந்த மொழியிலும் எழுதலாம், எழுதத் தெரியாவிட்டால் படம் போடலாம். முதல் வருடம் பெட்டிக்குள் பிஸ்கட் காகிதமும், கேம்ப் மெஸ்ஸில் பருப்பு தண்ணீராக இருக்கிறது என்ற புகாரும்தான் கிடந்தன. பிறகு அரியலூர்ப் பக்கத்து வெல்டர் ஒருவர், சாரத்தின் மேலே நின்றபோது தன் கையிலிருந்து ஸ்பேனர் நழுவிக் கீழே நடந்தவரின் தோளை உரசிக்கொண்டு விழுந்ததை ஒளிக்காமல் எழுதிப் போட்டார். ஃபோர்மேன் அவரை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டி, வார்னிங் லெட்டரும் கொடுத்தார். அதன் பிறகு ஆறு மாதம் பெட்டியில் ஒரு சீட்டு விழவில்லை.

நான் மேனேஜர் அறைக்குப் போய் அந்த லெட்டரைக் கிழிக்க வைத்தேன். உண்மையைச் சொல்கிறவனைத் தண்டித்தால் நாளைக்கு எவன் வந்து சொல்வான் என்று மேஜையைத் தட்டிக் கேட்டேன். நன்றாகத்தான் கேட்டேன். ஆனால் அந்த ஞானத்தை யார்டின் கேட்டிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற ஆள் நான் என்பது எனக்குத் தெரிய ஒரு துப்பாக்கி தேவைப்பட்டது.

வீடு முவைலாவில், ஆறாவது மாடியில். மனைவி ஒரு கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கிறாள். அப்போது மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு.

அந்த வருடம் மகளின் பள்ளியில் தேசிய தின விழாவுக்கு இந்த ஊர் ஆண்கள் ஆடுகிற ஆட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வரிசையாக நின்று, கையில் துப்பாக்கியைச் சுழற்றி, மேலே எறிந்து பிடிக்கிற ஆட்டம். பையன்கள்தான் ஆட வேண்டும். ஒரு பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. நான் ஆடுகிறேன் மிஸ் என்று என் மகள் கையைத் தூக்கிவிட்டாள். வெள்ளைக் கந்தூரா என்கிற நீள அங்கி, தலையில் துண்டு, கண்மையில் வரைந்த மீசை. பார்த்தால் திருநெல்வேலியிலிருந்து எண்ணெய் வியாபாரத்துக்கு வந்த யாரோ மாதிரி இருந்தாள்.

துப்பாக்கியை நான்தான் செய்தேன். யார்டில் கிடந்த பிளைவுட் துண்டை வெட்டி, ஓரமெல்லாம் உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளிக் காகிதம் ஒட்டினேன். ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா, பசை தோலுக்கு ஆகுமா என்பது வரை பார்த்தேன். சேஃப்டி ஆபீசர் அல்லவா. நிஜம் மாதிரி இருக்கட்டும் என்று அசைகிற டிரிகர் ஒன்றும் வைத்தேன். அவள் அதை அழுத்தி "டப், டப்" என்பாள். தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் விழுந்து சாவான், உடனே எழுந்து இன்னொரு தடவை சுடச் சொல்வான். நான் அதை வீடியோ எடுத்து ஊரில் இருக்கிற எல்லோருக்கும் அனுப்பினேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஜனவரியில் அர்பாப் எங்களை விருந்துக்குக் கூப்பிட்டார். அர்பாப் என்றால் எங்கள் கம்பெனி முதலாளி. எழுபதை நெருங்குகிற எமிராத்தி; அந்தக் காலத்து பம்பாய் வியாபாரிகளோடு பழகி இந்தி சரளமாகப் பேசுவார். வருடத்துக்கு ஒரு முறை, குளிர் காலத்தில், ஆபீஸில் இருப்பவர்களைக் குடும்பத்தோடு தைத் பக்கம் இருக்கிற தன் தோட்டத்துக்கு அழைப்பார். பேரீச்ச மரங்கள், ஆட்டுப் பட்டி, மர நிழலில் விரித்த பாய், பெரிய தாம்பாளத்தில் ஆட்டுக்கறியும் சோறும். அவருடைய பேரப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகளும் அவர்களும் பத்து நிமிடத்தில் ஒரே கூட்டமாகிவிட்டார்கள், எல்லோருக்கும் பொதுவாக ஆங்கிலம் இருக்கிறதே.

சாப்பாட்டுக்குப் பிறகு காற்று கிளம்பிக் கண்ணில் மண் விழ ஆரம்பித்ததால் பிள்ளைகளை உள்ளே மஜ்லிஸுக்கு அனுப்பினோம். அது விருந்தாளிகள் உட்காருகிற பெரிய அறை. சுவரோரம் முழுக்க மெத்தையும் திண்டும். ஒரு சுவரில், தாழ்வான அலமாரிக்கு மேலே, இரண்டு கொக்கிகளில் வெள்ளிப் பட்டை போட்ட பழைய துப்பாக்கி ஒன்று மாட்டியிருந்தது. அர்பாபின் அப்பா காலத்தது. சாப்பாட்டுக்கு முன் நான் அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் டீ குடித்தேன். வாசலில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரின் தேதி முடிந்துவிட்டதைக் கவனித்து, தோட்டம் பார்க்கிறவரைக் கூப்பிட்டுக் கண்டித்துவிட்டும் வந்தேன். துப்பாக்கியை அழகாக இருக்கிறதே என்று பார்த்ததோடு சரி.

வீட்டுக்குத் திரும்பும்போது மகன் அவனுடைய சீட்டில் தூங்கிவிட்டான். மகள் பின்னாலிருந்து பேச்சுக் கொடுத்தாள்.

"அப்பா, அங்க செவுத்துல ஒரு கன் மாட்டியிருந்துச்சுல்ல? அது செம வெயிட்டுப்பா. நம்ம கன் மாதிரி சுத்தவே முடியல."

நான் காரை ஓரம் கட்டினேன். இறங்கி, பின் கதவைத் திறந்து, அவளை முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தேன்.

"தொட்டியா? அதைத் தொட்டியாடி நீ?"

"இல்லப்பா."

"வெயிட்டுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த வீட்டுப் பையன்தான் எடுத்தான். அவன் சொன்னான். நான் பாத்தேன், அவ்வளவுதான்."

ஒன்பது வயதுப் பிள்ளை கண் முன்னால் ஒரு பொய்யைக் கட்டுவது எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்தப் பொய் எனக்கும் வேண்டியிருந்தது, அதனால் எடுத்துக்கொண்டேன். பிறகு அடியைவிட மோசமான ஒன்றைச் செய்தேன்.

"இதை ஸ்கூல்லயோ ஃபிரெண்ட்ஸ்கிட்டயோ யார்கிட்டயும் மூச்சு விடாதே. அவரு யாருன்னு தெரியும்ல? நம்ம விசாவே அவர் கம்பெனியிலதான் இருக்கு. கலாஸ், முடிஞ்சுது."

அவள் தலையாட்டினாள். லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. மனைவி முன் சீட்டில் நேரே பார்த்தபடி இருந்தாள்.

அதன் பிறகு மகள் நல்ல பிள்ளை ஆகிவிட்டாள். அப்படித்தான் நான் நினைத்தேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன், ஸ்கூல் எப்படி என்றால் ஓகே. முன்பெல்லாம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஆரம்பித்து தூங்கும் வரை வாய் மூடாது. ஒருவிதத்தில் வீடு அமைதியாக இருந்தது எனக்குப் பிடித்தும் இருந்தது. அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மனைவி வாசலிலேயே நின்றாள்.

"பஸ்ல ஒரு பெரிய பையன் ரெண்டு வாரமா இவ முடியைப் புடிச்சு இழுக்குறானாம். பஸ்ல வர்ற ஆயாம்மா இன்னைக்கு எனக்குப் போன் பண்ணிச் சொன்னாங்க. இவகிட்ட கேட்டா ஒண்ணுமே இல்லைங்கிறா. லைப்ரரி புக் தொலைஞ்சு போயி மிஸ் டைரியில எழுதியிருக்காங்க, அந்தப் பக்கத்தையே கிழிச்சு வெச்சிருக்கா."

"ஏன் சொல்லலையாம்?" என்றேன்.

"ஏங்க, உங்க மஞ்சப் பெட்டிக் கதையை எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க? மேனேஜர் ரூம்ல மேசையைத் தட்டினேன், லெட்டரைக் கிழிக்க வெச்சேன்னு. அன்னைக்கு ரோட்டுல வெச்சு வார்னிங் லெட்டர் குடுத்தது யாரு? இனிமே இந்த வீட்டுப் பெட்டியில ஒண்ணும் விழாது. நல்லாப் பூட்டி வெச்சுக்குங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இருநூறு பேருக்குப் பத்திரம் சொல்லிக் கொடுக்கிறவன், சொந்தப் பிள்ளைக்கு வாயை மூடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இன்றைக்கு முடியை இழுக்கிறான், சொல்லவில்லை. இன்னும் நாலு வருடத்தில் வேறு ஏதாவது நடந்தாலும் சொல்ல மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளைக் கூப்பிட்டு ஹாலில் தரையில் உட்கார்ந்தேன். அன்று அடித்தது தப்பு, யாரிடமும் சொல்லாதே என்றது அதைவிடத் தப்பு என்றேன். இவர் என்ன புதிதாக ஏதாவது திட்டம் வைத்திருக்கிறாரா என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். நான் பிளைவுட் துப்பாக்கியை எடுத்து வந்து நடுவில் வைத்தேன். யார்டில் பேசுகிற மாதிரியே, ஆனால் கத்தாமல், பேசினேன்.

நிஜத் துப்பாக்கி எங்கே இருந்தாலும் தொடாதே. பொம்மையா நிஜமா என்று எடுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கிற வேலை உன்னுடையது இல்லை. காலியாக இருக்கிறது என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், காலி இல்லை என்று வைத்துக்கொள். வேறு பிள்ளை கையில் எடுத்தால் பிடுங்கப் போகாதே. தம்பியைக் கூட்டிக்கொண்டு அந்த அறையை விட்டு வெளியே வந்துவிடு. வந்து பெரியவர்களிடம் சொல். அப்புறம், இந்தக் கட்டையாகவே இருந்தாலும் மனுஷர் மேல் நீட்டிச் சுடுகிற விளையாட்டு இந்த வீட்டில் இனி வேண்டாம். அதை ஆரம்பித்து வைத்தது அப்பாதான், உன் தப்பு இல்லை.

அவள் போய் ஒரு சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் கொண்டு வந்தாள். 'தொடாதே, வெளியே வா, சொல்' என்று தமிழில் எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்திலும் எழுதினாள். எழுதி முடித்துவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"நாலாவது நீங்க எழுதுங்க."

"நாலாவது என்ன?"

"சொன்னா அடிக்க மாட்டேன்னு."

சொன்னால் அடி கிடையாது என்று எழுதினேன். கையெழுத்துப் போடச் சொன்னாள், போட்டேன். அடுப்படியிலிருந்து மனைவி, "கம்பெனி சீலையும் குத்திடுங்க, பின்னாடி மாத்திப் பேசக் கூடாது" என்றாள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் எழுந்தபோதுதான் மகள் கேட்டாள்.

"அர்பாப்கிட்ட சொல்லிட்டீங்களாப்பா?"

"எதை?"

"கன்னைத்தான். அந்தப் பையன் திரும்ப எடுத்தான்னா?"

பேரப் பிள்ளைகள் ஐந்து பேர். கடைசி வாண்டுக்கு மூன்று வயது இருக்கும். மூன்று வாரமாக அந்தத் துப்பாக்கி அதே கொக்கியில் தொங்கிக்கொண்டிருக்கிறது, நான் அதை என் விசாவோடு சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறேன்.

அர்பாப் செவ்வாய்க்கிழமைகளில்தான் ஆபீஸுக்கு வருவார். முதல் செவ்வாய் அவர் அறை வரை போய், ஏதோ ஒரு டேங்க் டிராயிங்கைக் காட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன். அடுத்த செவ்வாய் கதவைச் சாத்திவிட்டு நின்றேன். இந்தியில் நான் நன்றாகக் கத்துவேன். மெதுவாகப் பேசத்தான் வராது. தடுமாறிச் சொன்னேன். உங்கள் மஜ்லிஸில் இருக்கிற துப்பாக்கி பிள்ளைகளுக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது, விருந்தன்று பிள்ளைகள் அதைக் கையில் எடுத்திருக்கிறார்கள், உடனே சொல்லாமல் விட்டது என் தப்பு என்றேன்.

அவர் கையில் உருட்டிக்கொண்டிருந்த மணிமாலை நின்றது.

"எந்தப் பேரன் எடுத்தான்?"

"அதைச் சொல்ல மாட்டேன் அர்பாப். சொன்னால் அவனுக்கு அடி விழும். அடி விழுந்தால் அடுத்த தடவை ஒளித்து எடுப்பான்."

"அது காலித் துப்பாக்கி. என் அப்பாவுடையது. சுவருக்கு அழகு, அவ்வளவுதான்."

"திறந்து பார்த்தீர்களா?"

கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமா வேறு ஏதாவதா என்று புரியவில்லை. "கலாஸ், போ" என்றார்.

வீட்டில் மனைவியிடம், விசாவைக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பினாலும் அனுப்புவார், தயாராக இரு என்றேன். "அனுப்பினா போவோம். பிள்ளைங்க முழுசா இருந்தாப் போதும்" என்றாள் அவள். இரண்டு நாள் யார்டில் நான் யாரையும் திட்டவில்லை. உடம்பு சரியில்லையா பாய் என்று வங்காளி ஃபிட்டர் ஒருவர் விசாரித்தார்.

வியாழக்கிழமை, வழக்கத்துக்கு மாறாக, அர்பாப் ஆபீஸுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு கைக்குட்டையை விரித்து, அதன் நடுவில் பச்சை பூத்த ஒரு தோட்டாவை வைத்திருந்தார்.

"துப்பாக்கி வேலை தெரிந்தவனிடம் கொடுத்துத் திறந்தேன். இது உள்ளே இருந்தது" என்றார். "ஆட்டைப் பிடிக்க வருகிற நரிக்காக என் அப்பா போட்டு வைத்திருப்பார். அவர் போய்ப் பதினாறு வருடம். நான் ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை. பழைய எண்ணெய் கெட்டியாகி டிரிகர் இறுகிப் போய்விட்டதாம். இல்லாவிட்டால்..."

எழுந்து வந்து என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். இரும்பு லாக்கர் வாங்கிவிட்டதாகச் சொன்னார். தொழிலாளர்களிடம் தினமும் காலையில் பேசுகிறாயே, அது மாதிரி என் பேரப் பிள்ளைகளிடமும் வந்து பேசு என்றார். நான் ஒரு நிபந்தனை போட்டேன். பிள்ளைகள் என்ன சொன்னாலும் நீங்கள் திட்டக் கூடாது. கொஞ்சம் யோசித்து, சத்தியம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம், ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போகிறோம், நீதான் என் அசிஸ்டெண்ட், உன் சார்ட்டை எடுத்துக்கொள் என்றேன். துள்ளுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் வரலைப்பா."

"ஏம்மா?"

ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"நான் தொட்டேன்பா. அந்தப் பையன் அலமாரி மேல ஏறி எடுத்தான். எனக்குச் சுத்தத் தெரியும்னு நான்தான் சொன்னேன், அதனால என்கிட்ட குடுத்தான். சுத்த முடியல. கீழ வெச்சிருப்பேன். ஆனா தம்பி வந்து முன்னாடி நின்னுக்கிட்டு டப் டப்னு சொன்னான். விழறதுக்கு ரெடியா நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு நின்னான். நான் அவன் மேல வெச்சு அமுக்கினேன். அது அமுங்கல. அப்புறம் ரெண்டு விரல் போட்டு அமுக்கினேன். அப்பவும் அமுங்கல."

கைக்குட்டையில் பார்த்த தோட்டா கண்ணுக்குள் வந்து நின்றது. வலது கை தானாக எழும்பியது. அதைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். யார்டில் சீட்டுப் போடுகிறவரிடம் சொல்வதற்கென்று ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன், சொன்னதற்கு நன்றி என்று. அன்று அது வெளியே வர வெகுநேரம் ஆனது. கடைசியில் வந்தது. நன்றிம்மா என்றேன்.

அவள் நம்பாமல் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அடி வரவில்லை என்று உறுதியானதும் கேட்டாள்.

"அது காலிதானேப்பா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பெரிய பாரம் எதற்கு என்று ஒரு மனது சொன்னது. ஆனால் அவள் என்னிடம் முழு உண்மையைக் கொடுத்திருந்தாள். பாதியைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"இல்லம்மா. உள்ள ஒண்ணு இருந்துச்சு. அது பழசாகி இறுகிப் போயிருந்ததால வெடிக்கல."

ஹாலில் மகன் சோபாவுக்கு அடியில் பொம்மைக் காரைத் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தான். அவள் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் உட்காராதே என்று அவன் அவளைத் தள்ளினான். அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் இரண்டு பிள்ளைகளையும் மடியில் இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் போய் உட்கார்ந்தேன். அடுப்பில் ஏதோ தீய்ந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

அழுகை அடங்கிய பிறகு மகள் என் பக்கம் திரும்பினாள். "அன்னைக்குக் கார்ல இதைத்தான்பா சொல்ல வந்தேன்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். ஆனால் வாழ்நாளில் எனக்கு விழுந்த அடிகளில் அதுதான் பெரியது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். தானாகவே உடுத்திக்கொண்டு, சார்ட்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, லிஃப்டுக்கு முன்னால் எங்களுக்காக நின்றாள். மஜ்லிஸ் சுவரில் இரண்டு கொக்கிகளும் காலியாக இருந்தன. மூலையில் சாம்பல் நிறத்தில் புது லாக்கர். பேரப் பிள்ளைகள் ஐந்து பேரும் கார்ப்பெட்டில் சம்மணம் போட்டிருந்தார்கள். அர்பாப் திண்டில் சாய்ந்து மணிமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

நான் இரண்டு நிமிடம்தான் பேசினேன். என் ஆங்கிலம் அந்தப் பிள்ளைகளுக்குப் போதவில்லை. மகள் என் முழங்கையைத் தொட்டு, நான் பேசுகிறேன் என்றாள். எழுந்து நின்றாள். விதிகளை அவள் படிக்கவில்லை. போன தடவை வந்தபோது தான் என்ன செய்தாள் என்பதை முதலிலிருந்து கடைசி வரை அவர்களுடைய வேக ஆங்கிலத்தில் சொன்னாள். தம்பியைக் கையால் காட்டிச் சொன்னாள். அதற்கு அப்பா என்ன செய்தார் என்றும் சொன்னாள், முதல் தடவை செய்ததையும் இரண்டாம் தடவை செய்ததையும். பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

ஏழு வயதுப் பேரன் ஒருவன் கையைத் தூக்கினான். அவன் தாத்தாவைப் பார்த்து அரபியில் பேசினான். எனக்குப் புரிகிற அளவுக்குச் சின்னப் பேச்சுதான். லாக்கர் சாவி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும் ஜத்தோ, மேல் தட்டில் இருக்கிற பழைய காப்பிக் கூஜாவுக்குள்.

அர்பாபின் முகம் சிவந்தது. புருவம் இரண்டும் ஒன்றாகி, மணிமாலையைப் பிடித்த கை இறுகியது. அந்தக் கோபத்தை எனக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. பேரன் அதைப் பார்த்துவிட்டு, தூக்கிய கையை மெல்ல இறக்கி அண்ணன் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தான். என் மகள் சார்ட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கண்ணை மூடினார். திறந்தபோது முகம் வேறாக இருந்தது. பேரனைக் கைகாட்டி அருகே கூப்பிட்டார். அவன் தயங்கித் தயங்கிப் போனான். "ஷுக்ரன்" என்று நன்றி சொல்லி அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தானே தட்டிலிருந்து கூஜாவை எடுத்துக் கவிழ்த்தார். உள்ளங்கையில் விழுந்த சாவியைக் கந்தூரா பைக்குள் போட்டுக்கொண்டார். திரும்ப வந்து, இந்தத் தடவை திண்டில் சாயாமல் பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார்.

தனக்குத் தெரியாதது இன்னும் என்னவெல்லாம் இருக்கிறது என்று அவர்களிடம் கேட்டார்.

நான்கு கைகள் உயர்ந்தன.